சிதேக்கியா ராஜா: பலவீனனா, பிடிவாதக்காரனா?

வயல்வரப்பு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை வேதபாட வகுப்பில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. 38-ம் அதிகாரம் வந்ததும் வழக்கமாகச் சொல்வதையே அங்கேயும் சொன்னார்கள். யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியா நல்ல மனசுக்காரன், பிரபுக்களுக்குப் பயந்து கெட்டான், பாவம். அவன் அண்ணன் யோயாக்கீம்தான் அசல் முரடன், தீர்க்கதரிசியின் சுருளையே எரித்தவன்.

எனக்கு இது ஒப்பவில்லை. கர்த்தருக்கு முன்னால் அடம்பிடித்த ராஜாக்கள் என்று ஒரு வரிசை போட்டால் சிதேக்கியாவை எகிப்தின் பார்வோனுக்கு அடுத்த இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பேன். நான் சொல்வது இருக்கட்டும், 2 நாளாகமம் 36:12, 13 எடுத்துப் பாருங்கள். எரேமியாவுக்கு முன்பாக அவன் தன்னைத் தாழ்த்தவில்லை, தன் கழுத்தையும் இருதயத்தையும் கடினப்படுத்தினான் என்று இருக்கிறது. பயந்தாங்கொள்ளியைப் பற்றி எழுதுகிற எழுத்தா இது?

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நெபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். ராஜாவாக இருந்த 18 வயது யோயாக்கீனைக் கைதியாகக் கொண்டுபோனான். அவனுடைய சித்தப்பன் மத்தனியாவைச் சிங்காசனத்தில் ஏற்றி, சிதேக்கியா என்று பேரும் மாற்றினான். அப்போது அவனுக்கு வயது 21. பதினொரு வருஷம் ஆண்டான். நடுவில் பாபிலோனுக்கு எதிராகக் கலகம் பண்ணினான், முற்றுகை வந்தது, நகரம் விழுந்தது.

இந்தப் பதினொரு வருஷத்தில் அவன் எத்தனை தடவை எரேமியாவிடம் போயிருக்கிறான் என்று பாருங்கள். 21-ம் அதிகாரத்தில் பஸ்கூரையும் செப்பனியாவையும் அனுப்பி, கர்த்தர் ஏதாவது அற்புதம் செய்வாரா என்று கேட்கிறான். 37:3-ல் மறுபடி ஆள் அனுப்பி, எங்களுக்காக ஜெபம்பண்ணும் என்கிறான். 37:17-ல் சிறையில் இருந்தவரை அரமனைக்கு வரவழைத்து, கர்த்தரிடத்திலிருந்து வார்த்தை உண்டா என்று ரகசியமாகக் கேட்கிறான். 38:14-ல் ஆலயத்தின் மூன்றாம் வாசலுக்குக் கூப்பிட்டு, ஒன்றையும் எனக்கு மறைக்காதே என்கிறான். ஒவ்வொரு தடவையும் பதில் ஒரே திசையில்தான் வருகிறது. கடைசித் தடவை ரொம்பத் தெளிவாகவே வருகிறது: நீர் பாபிலோன் பிரபுக்களிடம் புறப்பட்டுப் போனால் உம்முடைய உயிர் தப்பும், இந்தப் பட்டணமும் எரிக்கப்படாது.

கேட்டான், நம்பினான், செய்யவில்லை. நம்பாதவன் செய்யாமல் இருந்ததைவிட இது கனமான கீழ்ப்படியாமை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழையசுருள்

வயல்வரப்பு அண்ணே, நல்ல இழை. ஆனால் யோயாக்கீமை இவ்வளவு லேசாக விட்டுவிட முடியாது. எரேமியா 36-ஐ ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ஊர் முழுக்க உபவாசம் கூறியிருக்கிறார்கள். யூதாவின் பட்டணங்களிலிருந்து ஜனங்கள் எருசலேமுக்கு வந்து கூடியிருக்கிறார்கள். எரேமியா ஆலயத்துக்குள் வரக்கூடாது என்று தடை, அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதின சுருளை, அவருக்காக எழுதுகிற பாருக்கு என்பவன் கொண்டுபோய் ஆலயத்தில் வாசிக்கிறான். செய்தி பிரபுக்களுக்குப் போகிறது. அவர்கள் தங்களுக்கு முன்னால் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பயந்துபோகிறார்கள். நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று பாருக்கிடம் சொல்லிவிட்டு, சுருளைச் சம்பிரதியாகிய, அதாவது அரமனை எழுத்தனாகிய எலிசாமாவின் அறையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் ராஜாவிடம் போகிறார்கள். ராஜா என்ன செய்வான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவனோ குளிர்கால அறையில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஜனம் பட்டினி, ராஜா குளிர்காய்கிறான். யெகுதி என்கிறவன் சுருளை வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தத் துண்டை அறுத்துத் தீயில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு. சுருள் முழுவதும் தீரும்வரை இப்படியே. ஆத்திரத்தில் ஒரே வீச்சில் தூக்கி எறிந்திருந்தால் கோபக்காரன் என்று விட்டுவிடலாம். இவன் ஒவ்வொரு பத்தியையும் காதால் கேட்டு, கேட்டதைக் கையால் அழிக்கிறான். எல்நாத்தானும் தெலாயாவும் கெமரியாவும் எரிக்கவேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். செவிகொடுக்கவில்லை.

இன்னொன்று, உரியா தீர்க்கதரிசி. எரேமியா சொன்னதையே சொன்னவர். உயிருக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிப்போனார். யோயாக்கீம் அங்கே வரைக்கும் ஆள் அனுப்பிப் பிடித்து வந்து வெட்டிக் கொன்றான் (26:20-23). சிதேக்கியா எந்தத் தீர்க்கதரிசியைக் கொன்றான்? எரேமியாவுக்குத் தினம் ஒரு அப்பம் கிடைக்க ஏற்பாடு செய்தவன் அவன். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

மதுரைமல்லி

பழையசுருள் சொன்னதோடு எரேமியா 22:13-19-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். யோயாக்கீம் விசாலமான மேலறைகளோடு வீடு கட்டினான், கேதுரு மரத்தால் மச்சு போட்டான், சிவப்பு வர்ணம் பூசினான். கட்டின ஆளுக்குக் கூலி கொடுக்கவில்லை. அதுவும் எப்போது? எகிப்துக்குக் கட்டவேண்டிய 100 தாலந்து வெள்ளியையும் ஒரு தாலந்து பொன்னையும் தேசத்து ஜனங்கள் தலையில் வரியாகப் போட்டு வாங்கிய அதே ராஜா.

இவனுடைய அப்பா யோசியாவை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புஸ்தகத்தைச் சாப்பான் வாசித்தபோது யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார், உல்தாள் என்கிற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பி விசாரித்தார். அது கி.மு. 622 வாக்கில். இருபது வருஷம் கூட ஆகவில்லை, அதே அரமனையில் அவர் மகன் கையில் கத்தி. எரிக்காதேயும் என்று கெஞ்சிய கெமரியா யார் தெரியுமா? அந்தச் சாப்பானின் மகன். அப்பா வாசித்ததைக் கேட்ட ராஜாவையும் பார்த்த குடும்பம், சுருளை எரித்த ராஜாவையும் பார்த்த குடும்பம்.

எனக்கு யோயாக்கீம்தான் முதலிடம். ஆனால் வயல்வரப்பு எழுதினதைப் படித்தபின் சிதேக்கியாவை இரண்டாவதாகத் தள்ளவும் தயக்கமாக இருக்கிறது.

வயல்வரப்பு

இரண்டு பேரும் யோயாக்கீமைப் பற்றிச் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. கொலைகாரன், கூலி கொடுக்காதவன், சுருளை எரித்தவன். கொடுமையை அளந்தால் அவன்தான் பெரியவன். நான் அளக்கிறது பிடிவாதத்தை. அதற்கு 34-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். பிரசங்கங்களில் இந்த அதிகாரத்தை யாரும் தொடுவதாகவே தெரியவில்லை.

முற்றுகை நடக்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும்தான் மிச்சம். அப்போது சிதேக்கியா எருசலேமில் எல்லாரோடும் ஒரு உடன்படிக்கை பண்ணுகிறான்: எபிரெய அடிமைகளை, ஆணானாலும் பெண்ணானாலும், எல்லாரும் விடுதலையாக்கிவிட வேண்டும். மோசேயின் சட்டப்படி ஏழாம் வருஷம் விடவேண்டியவர்கள்தான் அவர்கள். தலைமுறை தலைமுறையாக யாரும் விட்டதில்லை. இப்போது ஆலயத்தில், கர்த்தருக்கு முன்பாக, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அந்தத் துண்டுகளின் நடுவே நடந்து சத்தியம் பண்ணுகிறார்கள். இந்தச் சொல்லை மீறினால் எனக்கும் இந்தக் கன்றின் கதி என்பது அந்தச் சடங்கின் பொருள். அடிமைகளை அனுப்பிவிட்டார்கள். கர்த்தரும், இது என் பார்வைக்குச் செம்மையான காரியம் என்று சொல்கிறார். சிதேக்கியாவின் ஆட்சியில் அவர் பாராட்டின ஒரே காரியம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அப்புறம் எகிப்தின் சேனை புறப்பட்டது. அதைக் கேள்விப்பட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள். ஊருக்கு மூச்சு வந்தது. உடனே என்ன செய்தார்கள்? அனுப்பின அடிமைகளைத் திரும்பப் பிடித்து வந்தார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நேற்று உன்னை விட்டேன், போ என்று சொன்ன எஜமான் இன்றைக்கு அந்தப் பெண்ணைத் தேடி வந்து நிற்கிறான். அவள் போய்ச்சேர்ந்த இடத்தில் அடுப்பு மூட்டக்கூட நேரம் இருந்திருக்காது. உடன்படிக்கையைத் தொடங்கி வைத்த ராஜா அதைத் தடுத்ததாக ஒரு வரி இல்லை.

பார்வோன் தவளை வாதையில் செய்தது இதேதான். வேதனை இருக்கும்வரை, ஜனங்களைப் போகவிடுவேன் என்றான். தவளைகள் செத்து இலகு உண்டானதைக் கண்டதும் இருதயத்தைக் கடினப்படுத்தினான் (யாத்திராகமம் 8:15). பலவீனன் நெருக்கம் வரும்போது விழுவான். நெருக்கத்தில் கீழ்ப்படிந்து, நெருக்கம் விலகினதும் பழைய இடத்துக்கே போய் நிற்கிறவனைப் பிடிவாதக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சந்தேகத்தோமா

இழையில் எல்லாரும் எரேமியா பக்கமே நின்று பேசுகிறீர்கள். ராஜாவின் பக்கம் நின்று ஒருவர் பேச வேண்டாமா?

அவனுடைய நாட்டை ஒரு வல்லரசு சுற்றி வளைத்திருக்கிறது. படைவீரர்கள் மதில்மேல் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஊர் நடுவில் நின்று, நகரத்தில் தங்குகிறவன் சாவான், கல்தேயரிடம், அதாவது பாபிலோனியரிடம் போகிறவன் பிழைப்பான் என்று சொல்கிறார் (38:2). பிரபுக்கள் கோபப்படுவதில் என்ன தப்பு? யுத்தமனுஷருடைய கைகளைத் தளர்ந்துபோகப்பண்ணுகிறான் என்கிறார்கள். எந்த நாட்டு இராணுவமும் அதைத்தானே சொல்லும்? ராஜா சரணடைய மறுத்தான் என்றால் வேறு யாராக இருந்தாலும் அதை வீரம் என்போம், இவனை மட்டும் கீழ்ப்படியாதவன் என்கிறோம்.

போதாததற்கு அனனியாவைப் போன்ற தீர்க்கதரிசிகள் வேறு. இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அவரும் கர்த்தரின் பெயராலேயே சொன்னார். யார் சொல்வது நிஜம் என்று ராஜாவுக்கு எப்படித் தெரியும்?

கல்வெட்டுப்பித்தன்

தோமா கேட்டது நியாயமான கேள்வி. ராஜாவைச் சுற்றி இருந்த நெருக்கடி எவ்வளவு நிஜமானது என்பதற்கு மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

1935-ல் லாகீசின் கோட்டை வாசலருகே எரிந்த இடிபாடுகளுக்குள் மை கொண்டு எழுதிய பானையோடுகள் கிடைத்தன. அந்தக் கடைசிக் காலத்துக் கடிதங்கள். ஒன்றில், லாகீசின் தீச்சைகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவை எங்களால் பார்க்க முடியவில்லை என்று இருக்கிறது. வயல்வரப்பு சொன்ன எரேமியா 34:7-ன் அதே இரண்டு ஊர்கள். இன்னொரு ஓட்டில், அதிகாரிகளின் வார்த்தைகள் நல்லதாக இல்லை, கைகளைத் தளரச்செய்கின்றன என்ற புலம்பல் வருகிறது. பிரபுக்கள் எரேமியாமேல் வைத்த அதே குற்றச்சாட்டு அப்போது அந்த நாட்டில் புழங்கிய பேச்சுதான் என்று தெரிகிறது.

38:1-ல் எரேமியாவுக்கு எதிராக ராஜாவிடம் போன பிரபுக்கள் நாலு பேர். அதில் செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா என்ற இரண்டு பேரின் முத்திரை பதிந்த களிமண் உருண்டைகள் எருசலேமில் தாவீதின் நகரம் என்கிற பகுதியில் கிடைத்தன. எய்லாத் மசார் நடத்திய அகழாய்வில், முதலாவது 2005-லும் அடுத்தது 2008-லும். நகத்தளவு மண் கட்டிகள். அதிகாரம் கையில் இருந்த உண்மையான ஆட்கள் இவர்கள், ராஜா பயந்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

மல்லி அக்கா சொன்ன கெமரியாவையும் விட்டுவிட மனசில்லை. 1982-ல் யிகால் ஷீலோ அதே பகுதியில் தோண்டியபோது ஒரு வீட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட முத்திரை உருண்டைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்று இருக்கிறது. பாபிலோனியர் வைத்த தீயில் அந்த வீட்டில் இருந்த ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோயின. களிமண் மட்டும் அந்தத் தீயிலேயே சுட்டு இறுகி நமக்குக் கிடைத்திருக்கிறது.

யோயாக்கீம் சுருளை எரித்த அந்த உபவாச நாளுக்கும் ஒரு தகவல் உண்டு. பாபிலோனிய நாளாகமப் பலகையின்படி நெபுகாத்நேச்சார் அஸ்கலோனைப் பிடித்துப் பாழாக்கியது கி.மு. 604-ல், கிஸ்லேவ் மாதம், அதாவது ஒன்பதாம் மாதம். எரேமியா 36:9 சொல்லும் ஐந்தாம் வருஷம் ஒன்பதாம் மாதமும் அதே சமயத்தில்தான் விழுகிறது. அந்தச் செய்தி கேட்டுத்தான் ஊர் உபவாசம் இருந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்துப் பட்டணம் பற்றி எரியும்போதுதான் இவன் கணப்பருகே உட்கார்ந்து கத்தியை எடுத்திருக்கிறான்.

வயல்வரப்பு

கல்வெட்டுப்பித்தன், இதற்காகவே இழை தொடங்கியிருக்கலாம் போல. நன்றி.

தோமா, உங்கள் முதல் கேள்விக்கு எசேக்கியேல் 17-ல் பதில் இருக்கிறது. சிதேக்கியா பாபிலோனை எதிர்த்தது விடுதலைப் போர் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் நெபுகாத்நேச்சார் அவனை ராஜாவாக்கியபோது தேவன்மேல் ஆணையிட வைத்தான், இவனும் ஆணையிட்டான் (2 நாளாகமம் 36:13). அந்த ஆணையை மீறித்தான் எகிப்துக்கு ஆள் அனுப்பிக் குதிரைகளும் படையும் கேட்டான். அவன் அசட்டைபண்ணினது என்னுடைய ஆணை என்று கர்த்தர் சொல்கிறார். தன் பெயரை நடுவில் வைத்து ஒருவன் சத்தியம் பண்ணினால், எதிரே நிற்பவன் அந்நியன் என்பதற்காக அவர் அதைத் தள்ளுபடி செய்வதில்லை. கன்றுக்குட்டி உடன்படிக்கையோடு சேர்த்து இது இரண்டாவது சத்தியம். இரண்டையும் மீறினான்.

யார் சொல்வது நிஜம் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரிந்துதான் இருந்தது. அனனியா இரண்டு வருஷம் என்றார், எரேமியா சொன்னபடி அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனார் (28:17). பிறகு முற்றுகையும் வந்தது. பாபிலோன் ராஜா வரமாட்டான் என்று சொன்ன உங்கள் தீர்க்கதரிசிகள் எங்கே என்று எரேமியா நேருக்கு நேர் கேட்கிறார் (37:19). ராஜாவிடம் பதில் இல்லை. அனனியாவின் கூட்டத்தை நம்பியிருந்தால், சிறையில் கிடந்தவரை எதற்கு ரகசியமாகக் கூப்பிட வேண்டும்?

தேன்கூடு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? 38:19-ல் சிதேக்கியா சொல்கிற காரணம் பிரபுக்களைப் பற்றியதே இல்லையே. கல்தேயரிடம் ஏற்கெனவே ஓடிப்போன யூதரைக் குறித்துத்தான் பயப்படுகிறேன், அவர்கள் கையில் என்னைக் கொடுத்தால் என்னைப் பரிகாசம் பண்ணுவார்கள் என்கிறான். நகரமே பட்டினியில் கிடக்கிறது, இவனுக்குக் கேலி செய்வார்களே என்ற கவலையா? நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா?

மதுரைமல்லி

சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய் தங்கச்சி. அவன் சொன்ன அந்தப் பரிகாசம் வெறும் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை, கொடுமையாக நடத்துவார்கள் என்ற பயமும் அதில் இருந்திருக்கும். ஆனாலும் நீ பிடித்த இடம் முக்கியமானது. நான் இந்த அதிகாரத்தை நேற்று இரவு மறுபடி படித்தேன், படித்துவிட்டு என் வரிசையை மாற்றிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

38:5-ல் பிரபுக்கள் எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். இதோ, அவன் உங்கள் கையில் இருக்கிறான், உங்களுக்கு விரோதமாய் ராஜா ஒன்றும் செய்யக்கூடாது என்கிறான் சிதேக்கியா. இந்த வசனத்தை வைத்துத்தான் எல்லாரும் அவனைக் கையாலாகாதவன் என்கிறார்கள். பிரபுக்கள் எரேமியாவைக் கயிற்றால் காவல்சாலை முற்றத்துத் துரவில் இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் இல்லை, உளைதான், அதாவது சேறு. அதில் அவர் அமிழ்ந்துபோகிறார்.

அடுத்து வருவது எபெத்மெலேக்கு, எத்தியோப்பியன், அரமனை ஊழியன். ராஜா பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், அதாவது நாலு பேர் பார்க்கிற இடம். அங்கேயே போய், இந்த மனுஷர் செய்தது தப்பு, அவர் பட்டினியால் செத்துப்போவார் என்று சொல்கிறான். ராஜா உடனே, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவரைத் தூக்கிவிடு என்று உத்தரவு கொடுக்கிறான். எந்தப் பிரபுவும் தடுக்கவில்லை. அப்படியானால் ஐந்து வசனத்துக்கு முன்னால், என்னால் ஒன்றும் முடியாது என்றானே, அது என்ன? முடிந்திருக்கிறது. ஒரு அந்நியன் வாய் திறந்து கேட்ட மாத்திரத்தில் முடிந்திருக்கிறது.

எபெத்மெலேக்கு செய்த காரியம் ஒவ்வொன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. நேரே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறைக்குக் கீழே போய்க் கிழிந்த பழந்துணிகளை எடுத்து வருகிறான். அவற்றைக் கயிற்றால் இறக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிறு படும்படி போட்டுக்கொள்ளும் என்று மேலேயிருந்து சொல்கிறான். சேற்றிலிருந்து ஒரு ஆளை இழுக்கும்போது கயிறு தோலை உரித்துவிடும் என்று யோசிக்கிற மனசு. ராஜாவுக்கு இருந்த அதிகாரத்தில் நூறில் ஒரு பங்கு இவனுக்கு இல்லை.

அப்புறம் தேன்கூடு கேட்ட இடம். பரிகாசத்துக்குப் பயப்படுகிறேன் என்று ராஜா சொன்னதும் எரேமியா சொல்லும் பதிலைப் பார். நீர் புறப்படாவிட்டால், உம்முடைய அரமனைப் பெண்களே பாபிலோன் பிரபுக்களிடம் கொண்டுபோகப்படும்போது உம்மைப் பற்றிச் சொல்வார்கள்: உம்முடைய இஷ்டர்கள் உம்மை மோசம்போக்கினார்கள், உமது கால்கள் உளையில் அமிழ்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சொல்கிறவர் அப்போதுதான் உளையிலிருந்து ஏறி வந்தவர். ராஜா கைவிட்டதால் அதில் கிடந்தவர். கேட்ட ராஜா என்ன சொன்னான்? இந்தப் பேச்சு ஒருவருக்கும் தெரியவேண்டாம், அப்போது நீ சாவதில்லை. அவ்வளவுதான்.

பழையசுருள்

மல்லி அக்கா, அந்த முப்பது பேர் விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. கையாலாகாதவன் என்ற வாதம் அங்கேயே நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் பக்கத்தை முழுசாக விட்டுக்கொடுக்க மாட்டேன். சிதேக்கியாவிடம் கடைசிவரை ஒரு கதவு திறந்திருந்தது. அவன் கேட்டுக்கொண்டாவது இருந்தான். யோயாக்கீம் கேட்கவே மறுத்தான், கேட்டதை மற்றவர்களுக்கும் இல்லாமல் ஆக்கப் பார்த்தான். சுருள் எரிந்தால் ஜனங்களுக்கும் அந்த வார்த்தை போய்ச்சேராதே! தன் கீழ்ப்படியாமையை ஊருக்கே சட்டமாக்குகிறவன் கூடுதல் ஆபத்தானவன் என்பது என் கட்சி. அதற்கு வந்த தண்டனை வசனத்தையும் பாருங்கள், அவன் பிரேதம் பகலின் வெயிலுக்கும் இரவின் குளிருக்கும் எறியப்பட்டுக் கிடக்கும் (36:30). கணப்பருகே குளிர்காய்ந்தவனுக்கு. அவன் முடிவைப் பற்றி ராஜாக்கள் புத்தகமும் நாளாகமமும் சொல்வது ஒரே மாதிரி இல்லை, அது தனிப் பிரச்சினை, இங்கே இழுக்கவில்லை.

எரித்தும் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரேமியா மறுபடி சொன்னார், பாருக்கு வேறொரு சுருளில் மறுபடி எழுதினான், முன்பைவிட அதிக வார்த்தைகளோடு.

கல்வெட்டுப்பித்தன்

பிடிவாதம் பற்றி ஒரு பக்கம் இன்னும் யாரும் தொடவில்லை. யோயாக்கீன்.

597-ல் இதே நெபுகாத்நேச்சார் இதே எருசலேமை முற்றுகை போட்டான். யோயாக்கீம் செத்து, மகன் யோயாக்கீன் ராஜாவாகி மூன்றே மாதம். அந்தப் பையன் தன் தாய், பிரபுக்கள், ஊழியக்காரர் எல்லாரோடும் பாபிலோன் ராஜாவிடம் புறப்பட்டுப் போனான் (2 ராஜாக்கள் 24:12). ஆலயத்துப் பொக்கிஷம் போயிற்று, பத்தாயிரம் பேர் சிறைப்பட்டுப் போனார்கள். கஷ்டம்தான். ஆனால் நகரம் எரியவில்லை, ஆலயம் நின்றது, ராஜாவும் பிழைத்தான்.

பிழைத்தான் என்பதற்குப் பாபிலோனியர் கையாலேயே எழுதிய சாட்சி இருக்கிறது. பாபிலோன் அரமனை இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில் யூதா தேசத்து ராஜா என்று பெயர் போட்டே அவனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-ல் வெளியிட்டார். அதில் ஒரு பலகை கி.மு. 592-ஐச் சேர்ந்தது. அப்போது எருசலேமில் சிதேக்கியா ஆண்டுகொண்டிருந்தான்.

எரேமியா சிதேக்கியாவிடம் கேட்டது, நீ புறப்பட்டுப் போ என்பதைத்தான். அப்படிப் போன ஒருவன், சொந்த அண்ணன் மகன், பாபிலோனில் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். அவன் சீக்கிரம் திரும்பி வருவான் என்றுதான் அனனியா ஆலயத்தில் எல்லார் முன்னாலும் பேசினார் (28:4).

சந்தேகத்தோமா

யோயாக்கீன் விஷயம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. நான் வீரம் என்று சொன்னதை இப்போது அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடைசியாக ஒன்று. நகரம் அழியும் என்று கர்த்தர் பல வருஷம் முன்பே சொல்லிவிட்டார். முடிவு எழுதினது எழுதினதுதான் என்றால், சிதேக்கியா என்ன செய்திருந்தாலும் என்ன? அவன்மேல் எப்படிக் குற்றம் சுமத்துவது?

வயல்வரப்பு

தோமா, 38:17, 18-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பட்டுப் போனால் இது, போகாவிட்டால் அது என்று இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். மதிலை உடைக்க வெளியே எந்திரங்கள் நிற்கிற நாளிலும், நகரம் எரிக்கப்படாது என்ற வாக்கு செல்லுபடியாகத்தான் இருந்தது. 18-ம் அதிகாரத்தில் குயவன் வீட்டில் சொன்னதும் இதே சட்டம்தான்: பிடுங்குவேன், இடிப்பேன் என்று நான் ஒரு ஜாதியைக் குறித்துச் சொன்னபின்பும், அது திரும்பினால் நானும் மனஸ்தாபப்பட்டு அதைச் செய்யாமல் விடுவேன். இந்த வாசிப்பில் நான் உறுதியாக இருக்கிறேன். ராஜாவின் ஒரு முடிவுக்கு இடம் விட்டுத்தான் கர்த்தர் பேசினார்.

பழையசுருள் சொன்ன, ஊருக்கே சட்டமாக்குகிறவன் என்ற வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே அளவுகோலைச் சிதேக்கியாவுக்கும் வையுங்கள். எரேமியா அவனுக்குச் சொன்ன வாக்கில் மூன்று பங்கு இருந்தது: நீ பிழைப்பாய், உன் குடும்பம் பிழைக்கும், பட்டணம் எரியாது. அந்த மூன்றையும் ஒரே ஆளின் மனசு முடிவு செய்தது. நாலாம் மாதம் ஒன்பதாம் தேதி மதில் உடைந்ததும் அவன் ராஜாவின் தோட்ட வழியாக இரவில் ஓடினான். எரிகோவின் சமவெளியில் பிடிபட்டான். பாபிலோன் ராஜா இருந்த ரிப்லாவில் அவன் கண்ணுக்கு முன்னால் பிள்ளைகளை வெட்டினார்கள், அப்புறம் அவன் கண்களைக் குருடாக்கினார்கள். ஒரு மாதம் கழித்துப் பாபிலோன் காவல் சேனாபதி நேபுசராதான் வந்து ஆலயத்தையும் வீடுகளையும் கொளுத்தினான். கல்வெட்டுப்பித்தன் சொன்ன அந்த முத்திரைகளைச் சுட்டது அந்தத் தீதான். கி.மு. 587 என்றும் 586 என்றும் இரண்டு கணக்கு உண்டு.

எபெத்மெலேக்குக்கு மட்டும், நகரம் விழும்போது உன் உயிர் உனக்குக் கிடைக்கும் என்று கர்த்தர் தனியாகச் சொல்லி அனுப்பினார் (39:15-18). அவன் கர்த்தரை நம்பினான் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த வாரம் வகுப்பில் 34-ம் அதிகாரத்தை நானே எடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். திரும்பப் பிடித்து வரப்பட்ட அடிமைகளைப் பற்றி, அந்தக் காலத்துக் கடன், அடிமைமுறை பற்றி யாருக்காவது கூடுதலாகத் தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

தேன்கூடு

நெகேமியா 5-ம் அதிகாரத்தையும் சேர்த்து எடுங்கள் அண்ணா. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தபின்னும் கடனுக்காகக் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். நெகேமியா பெரிய சபையைக் கூட்டி, எஜமான்களை எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டு, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட வைக்கிறார். அங்கே சொன்னதைச் செய்தார்கள் என்று 13-ம் வசனத்தில் எழுதியிருக்கிறது. 34-ம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் நன்றாக இருக்கும்.